நடக்கப் பழகிய குழந்தையோடு நெடும்பயணம்: ஒன்று முதல் மூன்று வயது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வயதுக் குழந்தையோடு போகும் பயணம் தூரத்தால் கெடுவது குறைவு. தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கவிடாமல், சாப்பிட வேண்டிய நேரத்தில் வரிசையில் நிறுத்தி, ஓட வேண்டிய நேரத்தில் பெல்ட் போட்டு உட்காரவைப்பதால்தான் பெரும்பாலும் கெடுகிறது. பெரியவர்கள் பயணத்துக்கு ஏற்றபடி தங்கள் நாளை வளைத்துக்கொள்வார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையால் அது முடியாது. ஆகவே பயணத்தைத்தான் குழந்தையின் நாளுக்கு ஏற்றபடி வளைக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கும் இதில் பாதி பொருந்தாது. சொன்னால் புரியும், ஆனால் காரணம் சொன்னால் அடங்காது என்கிற பருவத்துக்கு எழுதியது இது.

குழந்தையின் நாளைக் கணக்கெடுங்கள்

டிக்கெட் எடுக்கும் முன் நான்கைந்து நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறது, பகல் தூக்கம் எப்போது தொடங்கி எவ்வளவு நேரம் நீள்கிறது, எப்போது பசிக்கிறது, எப்போது மலம் கழிக்கிறது, எந்த நேரத்தில் காரணமே இல்லாமல் சிணுங்குகிறது. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. மூன்று வயதைத் தொட்டதும் 10 முதல் 13 மணி நேரம் போதும். ஒரு வயது தாண்டிய சில மாதங்களில் இரண்டு பகல் தூக்கம் ஒன்றாகக் குறையும். அந்த மாற்றம் நடக்கிற வாரங்களில் கணக்கு தினமும் மாறுவதால், முடிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இனி அந்தத் தாளின் மேல் பயண நேரத்தை வைத்துப் பாருங்கள். பகல் தூக்கம் 12:30-க்கு என்றால் 11:15-க்குச் சாப்பாடு, அரை மணி நேரம் வெளியே ஓட்டம், டயப்பர் மாற்றம், 12:15-க்கு வண்டியில் ஏறுவது. ஓடிக் களைத்த குழந்தை பத்துப் பதினைந்து நிமிடத்தில் கண் அயரும். காலையிலேயே அவசரமாக எழுப்பிக் கிளம்பினால் தூக்கக் கணக்கு முழுவதும் சரிந்து, போய்ச்சேரும் நேரத்தில்தான் தூக்கம் வரும்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வண்டியில் நன்றாகத் தூங்கட்டும் என்று பகல் தூக்கத்தை வேண்டுமென்றே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போடுவார்கள். தூக்கம் தப்பிய குழந்தை எளிதில் தூங்காது. முதலில் துள்ளும், பிறகு அழும், அழுது ஓய்ந்து அரை மணி நேரம் தூங்கி மறுபடியும் அழுதுகொண்டே எழும்.

இரவில் வண்டி ஓட்டிப் போனால் குழந்தை தூங்கும் என்பது உண்மை. ஓட்டுபவருக்கும் தூக்கம் வரும் என்பதும் உண்மை. மாற்றி ஓட்ட இரண்டு பேர் இருந்து, அவர்களில் ஒருவர் பகலில் தூங்கியிருந்தால் ஒழிய இரவுப் பயணம் வேண்டாம். எந்தப் பாதை என்றாலும், வரைபடம் 4 மணி நேரம் என்று காட்டினால் 6 மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது முப்பது நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். விமானம் என்றால் மாறி ஏறும் விமானத்தைவிட நேர் விமானமே மேல். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ஓடினால் பிடித்துவிடலாம் என்கிற இடைவெளி பையோடும் குழந்தையோடும் ஓடுபவருக்குப் போதாது.

கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு

பயணத்தன்று குழந்தை முதன்முதலாகப் பார்க்கிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது, விளையாட்டுச் சாமான் தவிர. புது கார் சீட் வாங்கியிருந்தால் நடுக்கூடத்தில் வைத்து தினமும் பத்து நிமிடம் உட்காரவைத்துக் கதை சொல்லுங்கள். மடக்குக் கட்டில் கொண்டுபோவதாக இருந்தால் கடைசி மூன்று இரவு வீட்டிலேயே அதில் தூங்கட்டும். உறிஞ்சு குழாய் வைத்த பாட்டில், முதுகில் கட்டும் கேரியர், புதுச் செருப்பு எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

கழிப்பறைப் பழக்கம் தொடங்குவது, தாய்ப்பாலை அல்லது பால்புட்டியை நிறுத்துவது, தொட்டிலிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது ஆகியவற்றைப் பயணத்துக்கு முந்தைய மூன்று வாரத்தில் தொடங்காதீர்கள். ஏற்கெனவே தொடங்கி நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும், பயணத்தன்று டயப்பர் போட்டுவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளிநாட்டுப் பயணம் என்றால் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டாவது தவணை பல நாடுகளின் அட்டவணையில் பின்னால்தான் வரும். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு, முதல் தவணையிலிருந்து 28 நாள் கழிந்திருந்தால், பயணத்தை முன்னிட்டு அதை முன்கூட்டியே போடலாம். குழந்தையின் எடையை அன்றே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மருந்துக் கணக்குக்கு அந்த எண்தான் வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு எல்லை தாண்டுகிறார் என்றால், மற்றவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தைப் பல நாடுகளின் குடிநுழைவு அலுவலர்கள் கேட்பார்கள்.

பை கட்டுவது

மூன்று அடுக்காகப் பிரியுங்கள். மடியிலோ காலடியிலோ இருக்கும் சிறிய பை, எட்டி எடுக்கும் தூரத்தில் இன்னொன்று, போய்ச்சேரும் வரை திறக்காத பெரிய பெட்டி. பெரும்பாலான அவதி வேண்டிய பொருள் இல்லாததால் வருவதில்லை, அது மூன்றாவது அடுக்குக்குப் போய்விட்டதால் வருகிறது.

டயப்பர் எண்ணிக்கையை வீட்டுக் கணக்கில் போடாதீர்கள். கதவடைத்துக் கிளம்பியதிலிருந்து போய்ச்சேரும் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, தாமதத்துக்காக மேற்கொண்டு நான்கு. அதாவது 8 மணி நேரப் பயணத்துக்கு 8 டயப்பர். பயணத்தில் நனைந்த பிறகு மாற்றுவதைவிட, இடம் கிடைக்கிறபோதெல்லாம் மாற்றுவதே வழி என்பதால் இது கூடுதலாகத் தெரியும். மாற்று உடையை ஜோடி ஜோடியாக, சட்டை, கால்சட்டை, உள்ளாடை சேர்த்து ஒரு ஜிப் கவரில் போட்டு இரண்டு கவர் வையுங்கள். நனைந்த உடை அதே கவரில் திரும்பப் போய்விடும். உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை வையுங்கள். வாந்தி குழந்தையின் உடையோடு நிற்பதில்லை, ஆனாலும் இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இவற்றோடு ஈரத் துடைப்பான், குப்பைக்குக் கறுப்புக் கவர், போர்த்த, மறைக்க, விரிக்க உதவும் மெல்லிய பெரிய துணி ஒன்று. தூங்கும்போது கட்டிப்பிடிக்கும் பொம்மை இருந்தால் அதே மாதிரி இரண்டாவது ஒன்றைப் பெரிய பெட்டியில் ஒளித்துவையுங்கள். அது தொலைந்த இரவில் வேறெந்தச் சமாதானமும் செல்லுபடியாகாது.

மருந்துப் பையில் அதிகம் தேவையில்லை. ஆனால் இருப்பதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வரை, 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் போகாமல் கொடுப்பது. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. வரை. சிக்கல் மி.லி.யில் இருக்கிறது. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் அது 6.25 மி.லி., 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மி.லி., 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.5 மி.லி. போன இடத்தில் வேறு பாட்டில் வாங்கிப் பழைய அளவிலேயே ஊற்றுவதுதான் ஆபத்தான தவறு. கொண்டுபோகிற பாட்டிலுக்கான மி.லி. அளவை மருத்துவரிடம் உறுதிசெய்து பாட்டில் மேலேயே ஒட்டுங்கள். அளவு ஊசிக்குழலும் வையுங்கள், சாப்பாட்டுக் கரண்டி அளவுகோல் அல்ல. இருமல், சளிக்கான கூட்டு மருந்துகளை இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது. தூக்கம் வரவைக்க ஒவ்வாமை மருந்து கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சில குழந்தைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்து மணிக்கணக்கில் துள்ளவைக்கும். மூச்சு மந்தமாகும் அபாயமும் இருக்கிறது.

ஓஆர்எஸ் பாக்கெட் நான்கைந்து போதும். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவிலும் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டில் கொஞ்சத்தைக் கண்ணளவில் டம்ளரில் கரைத்தால் உப்பு கூடி நிலைமையை மோசமாக்கும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள்.

காரில்: சீட்டைச் சரியாகப் பொருத்துவது

இங்கே நிதானமாகப் படியுங்கள். மற்ற எதில் தவறினாலும் அழுகையோடு போய்விடும், இதில் அப்படி இல்லை.

ஒரு வயது ஆகிவிட்டதே என்று சீட்டை முன்பக்கம் பார்க்கத் திருப்பிவிடுவது பரவலான வழக்கம். திருப்பாதீர்கள். இந்த வயதில் உடலோடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்தின் தசைநார்கள் இன்னும் இறுகவில்லை. முன்பார்த்த சீட்டில் நேருக்கு நேர் மோதல் நடந்தால் உடலை பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் வீசப்படும். பின்பார்த்த சீட்டில் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் சீட்டின் ஓடு சேர்த்துத் தாங்கும். குழந்தைகளின் கார் சீட்டுக்கான ஐரோப்பாவின் ஐ-சைஸ் விதி 15 மாதம் வரை பின்பார்த்து உட்காரவைப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சீட் தயாரிப்பாளர் குறித்திருக்கும் எடை, உயர வரம்பைத் தொடும் வரை பின்பார்த்தே வைக்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். கால் மடங்குகிறதே என்று கவலை வேண்டாம், குழந்தைகள் சம்மணமிட்டு வசதியாகவே இருப்பார்கள்.

1. சீட்டின் கையேட்டையும் காரின் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒப்புக்கொள்ளும் இடத்தில்தான் சீட் அமர வேண்டும். இடம் பின் இருக்கை. வேலை செய்யும் ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் பின்பார்த்த சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகம் சீட்டின் முதுகில்தான் விழும்.

2. காரின் பெல்ட் அல்லது ஐசோஃபிக்ஸ் கொக்கி (கார் இருக்கையிலேயே உள்ள உலோகப் பிடியில் சீட்டை நேரடியாக மாட்டும் கொக்கி), ஏதாவது ஒன்றால் பொருத்துங்கள். இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலம் என்பது தவறு. கையேடு சொன்னால் மட்டுமே இரண்டும்.

3. முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுத்து இறுக்கிப் பூட்டுங்கள். பிறகு பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து இடவலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டிப் பாருங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது. சீட்டின் தலைப்பகுதியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது, அது எப்படியும் அசையும்.

4. வண்டி சமதரையில் நிற்கும்போது, சரியான சாய்வைக் காட்டும் சீட்டின் சாய்மானக் குறியைப் பாருங்கள். அதிகம் நிமிர்ந்திருந்தால் தூங்கும் குழந்தையின் தலை முன்னால் தொங்கும்.

5. முன்பார்த்த சீட் என்றால் அதன் மேற்புறத்திலிருந்து வரும் மேல்பட்டையைக் கட்டாயம் காரின் கொக்கியில் மாட்டி இறுக்குங்கள். வரம்பு தாண்டிய பெரிய குழந்தைக்கு இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

6. தோள்பட்டி பின்பார்த்த சீட்டில் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், முன்பார்த்த சீட்டில் சமமாகவோ சற்று மேலிருந்தோ.

7. பூட்டிய பின் தோளெலும்பு அருகே பட்டியை இரு விரலால் மடித்துக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் சிக்கினால் தளர்வு. மார்புக் கிளிப் உள்ள சீட் என்றால் அது அக்குள் மட்டத்தில் இருக்க வேண்டும்.

பஞ்சுபோன்ற குளிர் அங்கியோடு பட்டியைப் பூட்டாதீர்கள். மோதலில் பஞ்சு நசுங்கி, இறுக்கமாகத் தெரிந்த பட்டி தொளதொளத்துவிடும். முதலில் பட்டி, அதன் மேல் போர்வை. சீட்டோடு வராத திண்டு, தலையணை, பட்டி உறை எதையும் கீழே சேர்க்காதீர்கள். வெயிலில் நிறுத்திய வண்டியில் உலோகப் பூட்டு தோலைப் பொசுக்கும். இறங்கும்போது வெளிர்நிறத் துணியால் சீட்டை மூடிவிட்டுப் போங்கள்.

ஐந்து நிமிடம்தானே என்று குழந்தையை வண்டியில் விட்டுப் போவதற்கு இடமே இல்லை. மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் 10 °செ. அளவுக்கு ஏறிவிடும். குழந்தையின் உடல் பெரியவரைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். மறந்து விட்டுப்போவது பெரும்பாலும் வழக்கம் மாறுகிற நாளில் நடக்கிறது, பயணம் என்பதே வழக்கம் மாறும் நாள். கைப்பையையோ கைபேசியையோ பின் இருக்கையில் வைத்தால், இறங்கும்போது பின்கதவைத் திறந்தே ஆக வேண்டும்.

விமானம், ரயில், பேருந்து

பெரும்பாலான விமான நிறுவனங்கள் இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. போகும்போது இரண்டு நிறையாமல், திரும்பும்போது நிறைந்துவிட்டால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டியிருக்கும். பிறந்தநாள் நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். செலவு கட்டுப்படியானால் இரண்டு வயதுக்கு முன்பே தனி இருக்கை எடுத்து, விமானத்துக்கு ஏற்றது என்று முத்திரை உள்ள கார் சீட்டை ஜன்னலோரம் பொருத்துவது பாதுகாப்பானது. விமானம் திடீரென்று குலுங்கினால் பத்துக் கிலோ குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. சீட்டின் அகலத்தை விமான இருக்கையின் அகலத்தோடு முன்பே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

காது வலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். ஏறும்போது நடுச்செவிக் காற்று விரிந்து தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போது வெளி அழுத்தம் கூடி, மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறந்தால்தான் சமனாகும், அதைத் திறப்பது விழுங்குவது. தரையிறங்குவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். தாய்ப்பாலோ தண்ணீரோ உறிஞ்சு குழாயோ அப்போது வேண்டும், சக்கரம் தரையைத் தொடும் முன் அல்ல. ஏறும்போதே முழுப் பாட்டிலையும் காலி செய்துவிட்டால் தேவையான நேரத்தில் வேண்டாம் என்று தள்ளிவிடும். சளி பிடித்திருந்தால் தூங்கும் குழந்தையை இறங்கும் முன் எழுப்பிவிடுங்கள், தூக்கத்தில் விழுங்குவது குறைவு. காதில் சீழ் அல்லது தொற்று இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஏறாதீர்கள்.

பாதுகாப்புச் சோதனையில் திரவத்துக்கு 100 மி.லி. என்கிற வரம்பு இருக்கும் இடங்களிலும், பயணத்துக்குத் தேவையான குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் பொதுவாக விலக்கு உண்டு. தனியே எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஸ்ட்ரோலரை விமான வாசல் வரை கொண்டுபோக அனுமதிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதன் கைப்பிடியில் பை மாட்டாதீர்கள், குழந்தையைத் தூக்கிய நொடியில் வண்டி பின்னால் கவிழும்.

முன்கூட்டி ஏறச் சொல்லி அழைத்தால் ஒருவர் மட்டும் பைகளோடு ஏறி இடத்தைத் தயார் செய்யட்டும். மற்றவர் குழந்தையைக் கடைசி அழைப்பு வரை வெளியே ஓடவிடட்டும். சீக்கிரம் ஏறுவதில் குழந்தைக்கு ஒரு லாபமும் இல்லை, கூடுதலாக அரை மணி நேரச் சிறைதான்.

ரயிலில் நடமாட இடம் இருப்பது பெரிய வசதி, ஆபத்தும் அதுவே. பெட்டிகளுக்கு நடுவிலுள்ள கதவில் கீல் பக்க இடுக்கு விரலை நசுக்கும். பேருந்தில் உங்கள் இடுப்பு பெல்ட்டைக் குழந்தைக்கும் சேர்த்துப் போடாதீர்கள், மோதலில் உங்கள் எடை முழுவதும் குழந்தை மேல் விழும்.

சாப்பாடும் வாந்தியும்

பயண நாள் புது உணவைப் பழக்கும் நாள் அல்ல. வீட்டில் சாப்பிடுவதில் சிந்தாதது, பிசுபிசுக்காதது, கையால் எடுத்துத் தின்ன ஏற்றது எதுவோ அதைச் சிறு சிறு டப்பாவில் போடுங்கள். சமைத்த உணவும் பாலும் வெளியே 2 மணி நேரம் வரை தாங்கும், 32 °செ. தாண்டிய வெயிலில் 1 மணி நேரம்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் பொதி வைத்த பை.

ஓடும் காரில் சாப்பாடு வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. தொண்டையில் சிக்கினால் சத்தமே வராது, ஓட்டுபவருக்குத் தெரியவும் தெரியாது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். முழுத் திராட்சை, முழுக் கொட்டைகள், சோளப்பொரி, கடின மிட்டாய், பச்சைக் கேரட் துண்டு ஆகியவை நான்கு வயது வரை கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கினால் கொடுக்கலாம். வட்ட வட்டமாக நறுக்கினால் மூச்சுக்குழலை மூடும் வடிவம் அப்படியே இருக்கும்.

சிக்கிக்கொண்டால்: குழந்தை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமும் மூச்சும் வரவில்லை என்றால், ஒரு வயது தாண்டிய குழந்தையை முன்னால் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வெளிவரவில்லை என்றால் பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 அழுத்தம். மாறி மாறிச் செய்துகொண்டே அவசர உதவியை வரவழையுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டினால் இன்னும் உள்ளே போகும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது, முதலுதவி வகுப்பில் கையால் செய்து பழக வேண்டும்.

பயணக் குமட்டல் இரண்டு வயதுக்கு முன் அரிது. அந்த வயதில் வாந்தி எடுத்தால் கிளம்பும் முன் குடித்த பால், காருக்குள் புழுக்கம், காய்ச்சல் இவற்றை முதலில் சந்தேகியுங்கள். இரண்டு வயதுக்கு மேல் அறிகுறிகள் வரிசையாக வரும்: கொட்டாவி, முகம் வெளிறுதல், எச்சில் ஊறுதல், திடீர் அமைதி. அமைதியாகிவிட்டதே என்று நிம்மதி அடையும் நேரத்தில்தான் வாந்தி வரும். உடனே ஜன்னலைத் திறந்து, புத்தகத்தையும் திரையையும் எடுத்துவிட்டு, ஓரமாக நிறுத்துங்கள். வெறும் வயிறும் முழு வயிறும் இரண்டும் கெடுதல். ஒரு மணி நேரம் முன்பு லேசான உணவு போதும். பட்டியைப் பூட்டிய பிறகு கழுத்தில் ஒரு துண்டைக் கட்டிவிட்டால் சீட் தப்பிக்கும்.

வாந்திக்குப் பின் பத்து நிமிடம் எதுவும் தராமல் விட்டுப் பிறகு ஓஆர்எஸ் கரைசலை ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுங்கள். தாகத்தில் மடக்மடக்கென்று குடிக்கவிட்டால் திரும்ப வரும். வயிற்றுப்போக்கு என்றால் ஒவ்வொரு தடவைக்கும் பிறகு இரண்டு வயதுக்குக் கீழ் 50–100 மி.லி., அதற்கு மேல் 100–200 மி.லி. ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, மலத்தில் ரத்தம், எழுப்பினாலும் துவள்கிறது என்றால் பயணத்தை அங்கேயே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள்.

வயிற்றுப்போக்குக்குப் பயப்படுபவர்கள் மலச்சிக்கலை நினைப்பதே இல்லை. தண்ணீர் குறைவு, நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது, பழக்கமில்லாத கழிப்பறை மூன்றும் சேர்ந்தால் மூன்றாம் நாள் காரணம் புரியாத அழுகையாக அது வெளிப்படும். கிளம்பிய நாளிலிருந்தே பழமும் தண்ணீரும் கூட்டிக் கொடுங்கள்.

அழுகை, அடம், பொழுதுபோக்கு

சாமான்களை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். ஐந்தாறு சிறு பொருளைத் துணியில் தனித்தனியாகச் சுற்றி, முந்தையது சலித்த பிறகுதான் அடுத்தது. பிரிப்பதிலேயே சில நிமிடம் ஓடும். விலை உயர்ந்த பொம்மையைவிட ஒட்டி உரிக்கும் டேப், மூடி திறந்து மூடும் டப்பா, தண்ணீர் தொட்டால் நிறம் தெரியும் அட்டை நீண்ட நேரம் தாங்கும். பட்டன் பேட்டரி போட்ட பொம்மையை விட்டுவிடுங்கள். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். இரண்டு வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. பயண நாளில் அதைச் சற்றுத் தாண்டினால் உலகம் முடிந்துவிடாது. ஆனால் கடைசி ஆயுதமாக வையுங்கள். முதல் மணி நேரத்திலேயே கொடுத்தால் பிறகு கொடுக்க ஒன்றும் இருக்காது.

அடம் தொடங்கினால் பசி, தூக்கம், ஈரம், சூடு, இறுக்கம் என்று வரிசையாகப் பாருங்கள். எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் உடம்பு அசைய வேண்டும் என்கிற தவிப்பு. அப்போது விளக்கம் வேலைக்கு ஆகாது. இரண்டே வாய்ப்பு கொடுங்கள்: “செருப்பை நீயே போடுறியா, நான் போட்டுவிடட்டுமா?” கார் சீட் மட்டும் வாய்ப்புக்குள் வராது. அழுதாலும் பூட்டித்தான் ஆக வேண்டும், ஒருமுறை அழுகைக்காக ஓடும் வண்டியில் கழற்றினால் அடுத்த நூறு முறையும் அழும்.

போய்ச்சேர்ந்த இடத்தில்

பெட்டியைத் திறக்கும் முன் பத்து நிமிடம். ஒருவர் குழந்தையை வெளியே வைத்திருக்க, மற்றவர் முழங்கால் போட்டுக் குழந்தையின் உயரத்தில் அறையைச் சுற்றி வரட்டும். ஜன்னலுக்கு அடியிலோ பால்கனியிலோ ஏறக்கூடிய நாற்காலி, திரைச்சீலைக் கயிறு, கெட்டிலின் தொங்கும் வயர், இழுத்தால் சாயும் அலமாரி, கட்டிலுக்கடியில் முந்தையவர் விட்டுப்போன மாத்திரை. குளியலறையில் வாளித் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவையுங்கள், சில செ.மீ. ஆழமே போதும் மூழ்க. ஹோட்டல் குழாயில் சுடுநீர் வீட்டைவிடக் கொதிப்பாக இருக்கலாம். குழந்தை குளிக்க 37–38 °செ. போதும், முதலில் குளிர்ந்த நீரைத் திறந்து பிறகு சுடுநீரைக் கலக்குங்கள். உறவினர் வீடு என்றால் தாத்தா பாட்டியின் மாத்திரை டப்பாவும் விருந்தினர்களின் கைப்பைகளும் எங்கே இருக்கின்றன என்று முதலில் கேளுங்கள். கூச்சம் பார்க்கும் விஷயம் இல்லை இது.

கட்டிலிலிருந்து விழும் என்றால் மெத்தையைத் தரையில் போடுங்கள். சுவரோடு ஒட்டிப் போட்டால் இடுக்கில் சிக்கும், தள்ளிப் போடுங்கள். கறுப்புக் குப்பைக் கவரை ஜன்னலில் டேப்பால் ஒட்டினால் அதிகாலை வெளிச்சம் நிற்கும். வீட்டில் தூங்கும் முன் என்ன வரிசையோ, குளியல், கதை, விளக்கணைப்பு, அதே வரிசையை இங்கேயும் மாற்றாமல் செய்யுங்கள்.

நேர வித்தியாசம் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்து, தங்குவது மூன்று நாளுக்குள் என்றால் வீட்டு நேரத்திலேயே வைத்திருக்கலாம். அதற்கு மேல் என்றால் போன முதல் நாளே உள்ளூர் நேரப்படி சாப்பாடு, பகலில் வெளிச்சத்தில் விளையாட்டு. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். பகல் தூக்கம் வழக்கமான அளவைத் தாண்டினால் எழுப்பிவிடுங்கள், மனம் வராது, ஆனாலும். இரவு மூன்று மணிக்கு விழித்தால் மங்கிய வெளிச்சத்தில் சிறிது சாப்பாடு, தாழ்ந்த குரல், திரை வேண்டாம்.

கூட்டத்தில் போகும் நாள் காலையில், அன்று போட்டிருக்கும் உடையோடு ஒரு படம் எடுத்துவையுங்கள். உங்கள் கைபேசி எண்ணைக் குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதுங்கள். காணவில்லை என்றால் பெயரைக் கூவுவதோடு, “சிவப்புச் சட்டை, இரண்டு வயசுக் குழந்தை!” என்று அடையாளத்தையும் உரக்கச் சொல்லுங்கள், சுற்றியுள்ளவர்கள் தேட அதுதான் உதவும். முதலில் தண்ணீரும் சாலையும் இருக்கும் பக்கம் ஓடுங்கள். நான்கு பெரியவர்கள் கூட இருக்கிறபோதுதான் குழந்தை அதிகம் தவறுகிறது. பார்ப்பவர் யார் என்பதை வாயால் சொல்லிக் கைமாற்றுங்கள்: “இப்ப நீ பாத்துக்கோ”, “சரி, நான் பாத்துக்கிறேன்.” பதில் வராத வரை பொறுப்பு உங்களுடையதே.

திரும்பிய பிறகு

விடுப்பின் கடைசி நாள் இரவு வீடு சேர்ந்து மறுநாள் காலை வேலைக்கும் காப்பகத்துக்கும் ஓடுவது போல் திட்டமிடாதீர்கள். நடுவில் ஒரு முழு நாள் வேண்டும். மூன்று நான்கு நாள் தூக்கம் கலைவதும், ஒட்டிக்கொண்டே இருப்பதும், பழகிய கழிப்பறைப் பழக்கம் பின்வாங்குவதும் வழக்கம். பழைய நேரப்படி நடத்திக்கொண்டே போனால் தானாகத் திரும்பும்.

சீட்டின் உறையைக் கையேட்டில் சொன்னபடி துவைக்கலாம். ஆனால் பட்டிகளை இயந்திரத்தில் போடவோ ப்ளீச்சில் ஊறவைக்கவோ கூடாது, இழையின் பலம் போய்விடும். ஈரத்துணியும் மிதமான சோப்பும் போதும். பூட்டுக்குள் விழுந்த உணவுத்துகளைக் கட்டாயம் பாருங்கள். ‘க்ளிக்’ சத்தம் மந்தமாகவோ வராமலோ இருந்தால் உள்ளே துகள் சிக்கியிருக்கிறது. பூட்டைக் கழற்ற முடியும் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, எண்ணெய் எதுவும் விடாமல் காயவைத்து, நான்கைந்து முறை பூட்டித் திறந்து பார்த்த பிறகு மாட்டுங்கள்.